‘காலி’ சொல்லாத டாக்டரம்மா

“டாக்டரம்மாகிட்ட காளையைக் கூட்டிட்டுப் போனாலும் சினைன்னுதான் சொல்லுவாங்க.”

பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். “காளை என்னய்யா, இந்த பஸ்ஸைக் கொண்டு போய் நிறுத்திப் பாரு. மெதுவா ஓட்டுங்க, வயித்துல குட்டி இருக்குன்னு அனுப்பி வைப்பாங்க.”

அந்த டாக்டரம்மாவின் மகள் பின்னால் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது சுட்டது.

இப்போது அம்மா இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய கைராசியைப் பற்றியே பேசினார்கள். தலைகீழாகக் கிடந்த கன்றைத் திருப்பி எடுத்தது, விஷம் தின்ற ஆடுகளைப் பிழைக்க வைத்தது. எல்லாம் உண்மை. அந்தக் கடைசி வருடத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. மரியாதைக்காக விட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டால் பாதி அம்மாதான் மிஞ்சுகிறாள். அதனால் எழுதுகிறேன்.

வீட்டின் முன் அறைதான் அவளுடைய மருத்துவமனை. நடுவில் ஓர் இரும்பு மேசை. நாய், பூனை, கழுத்து கிழிந்த கோழி, ஒருமுறை பள்ளிக்கூடத்து முயல் என எல்லாம் அதன் மேல் ஏறி இறங்கியிருக்கின்றன. வீட்டின் பின்பக்கம் சிமெண்ட் தரை, அதில் குழாய்களை நட்டு அடித்த சட்டம். மாட்டை அதற்குள் விட்டு முன்னும் பின்னும் குறுக்குக் குழாயைச் செருகினால் அது நகர முடியாது. அம்மா பெயர் எடுத்தது அங்கேதான்.

சினை பார்க்கும் வேலை இது. தோள் வரை வரும் பிளாஸ்டிக் உறையை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, பின்புறம் வழியாகக் கையை உள்ளே விட வேண்டும். குடலின் சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பை இருக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. கருப்பை ஒரு பக்கம் தடித்திருக்கிறதா, உள்ளே நீர் தளும்புகிறதா, மெல்லிய சவ்வு ஒன்று விரலிடுக்கில் நழுவுகிறதா என்று விரல் நுனியால் மட்டுமே பார்க்க வேண்டும். அதற்குள் மாடு குடலை இறுக்கிக் கையைப் பிழியும். அம்மா எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி. மாட்டுக்காரர் ஏதாவது பேசினால், “நீ சும்மா இருய்யா, அது சொல்லும்” என்பாள். பிறகு “சினை” என்பாள், அல்லது “காலி” என்பாள். அந்த ஒரு சொல்லை நம்பி மாட்டை வைத்துக்கொள்வார்கள், அல்லது விற்றுவிடுவார்கள். காலி மாட்டுக்கு மாதக்கணக்கில் தீனி போட அங்கே யாருக்கும் வசதியில்லை.

நான் ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின் பழுது பார்க்கிறவள். “நீ மெஷினுக்கு டாக்டர், நான் மாட்டுக்கு டாக்டர். மனுஷனுக்குப் பார்க்கத்தான் நம்ம வீட்டுல ஆளில்லை” என்று அம்மா சொல்வாள்.

பேருந்தில் கேட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை. அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பின்பக்கம் ஒரு மாடு நின்றது. அவளுடைய வலது கை உள்ளே இருந்தது. வாய் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

“எப்ப சினை ஊசி போட்டது? அதுக்கப்புறம் கத்துச்சா? தீனி எடுக்குதா? தண்ணி?”

மாட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அம்மா கையை வெளியே எடுத்தாள். “சினை மாதிரித்தான் இருக்கு. நல்லா பாத்துக்கோ. ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வா.”

அவர் சந்தோஷமாகப் போனார். அம்மா உறையைக் கழற்றினாள். அவளுடைய வெள்ளைக் கோட்டில் பொத்தான்கள் இல்லை. ஒட்டும் பட்டை வைத்துத் தைத்திருந்தது.

“இது யாரும்மா தெச்சது?”

“டெய்லர். பொத்தானைப் போட்டுக் கழட்ட எனக்கு ஏதுடி நேரம்?”

நான் மேசை மேலிருந்த ஊக்கை எடுத்தேன். “கையைக் குடு. கண்ணை மூடு.”

“எதுக்கு?”

“மூடேன்.”

கட்டைவிரல் நுனியில் வைத்தேன். “குத்துதா?”

“குத்துது.”

ஆள்காட்டி விரல். “இப்ப?”

“குத்துது.”

நடுவிரல். “இப்ப?”

“குத்துதுடி, விடு.”

நடுவிரலை நான் தொடவே இல்லை. ஆள்காட்டி விரலில் ரத்தம் துளிர்த்திருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

“அம்மா, கடைசியா நான் குத்தலை.”

கண்ணைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊக்கை வாங்கி மூடப் பார்த்தாள். முடியவில்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கியிருக்கிறது. ஆயுசு முழுக்க மாடுகள் பிழிந்த கை. அறுவை செய்தால் வலி குறையலாம். இவ்வளவு நாள் மரத்துக் கிடந்த விரலில் உணர்வு திரும்புமா என்பது சந்தேகம். இது எனக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டே மற்றதைச் சொன்னாள்.

முந்தின வருடம் கறிக்கடைக்காரர் தன் நாயை இழுத்துக்கொண்டு வந்தாராம். நாய்க்கு ஒன்றும் இல்லை. முன் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் போகும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, “டாக்டரம்மா, டெய்லரோட சிவப்பு மாடு என்கிட்ட வந்துச்சு. அறுத்தேன். உள்ள கன்னு இருந்துச்சு” என்றார். அம்மா காலி என்று சொன்ன மாடு அது. “எவ்வளவு பெருசு?” என்று கேட்டாள். கையை விரித்துக் காட்டினார். “கிடேரி, பொட்டைக் கன்னு. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் வந்தேன்.”

அன்றிலிருந்து அந்த நாய்க்கு அம்மா காசு வாங்குவதில்லை. அவரும் ஏன் என்று கேட்பதில்லை.

“அதுக்கப்புறம் காலின்னு சொல்ல வாய் வரலடி. கைக்கு ஒண்ணும் தெரியல. தெரியாம காலின்னா ஒரு உசுரு போகுது. சினைன்னு சொன்னா தீனிதானே போகுது?”

“யாரோட தீனிம்மா?”

பூட்ஸைக் கவிழ்த்து வைத்தாள்.

எங்கள் கம்பெனியில் மாடுகளுக்கான சின்ன ஸ்கேன் மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. அடுத்த விடுமுறைக்கு அதைக் கேட்டு வாங்கி வந்தேன். அம்மா பெட்டியைத் திறக்க விடவில்லை. பூனைகளுக்கான மருந்து அலமாரிக்குக் கீழே தள்ளி வைத்தாள். “அதைத் திறந்தா நான் சொன்னதெல்லாம் படமா வந்து நிக்கும். மூடி வை.”

அப்படியிருக்கும்போதுதான் டெய்லர் தன் கறுப்பு வெள்ளை மாட்டோடு வந்தார். சிவப்பு போன பிறகு அவரிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

“டாக்டரம்மா, நீங்க சினைன்னு சொல்லி எவ்வளவு நாளாச்சு! பாலும் நின்னு போச்சு. எனக்கு வயிறு ஏறுது, இதுக்கு ஏறலையே?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என்னிடம், “பாப்பா எப்ப வந்தீங்க? கோட்டுல பட்டை நல்லா ஒட்டுதான்னு பாத்தீங்களா?” என்றார்.

அம்மா மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் நின்று பார்த்தாலே தெரிந்திருக்கும். இன்னொரு மாதம் பொறுங்கள் என்று அவள் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்வதற்கு வாயையும் திறந்தாள். டெய்லர் அவள் முகத்தை அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்தப் பெட்டியை எடுத்துட்டு வாடி” என்றாள்.

மெஷினின் முனையைக் கைக்குள் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டாள். பிடிக்க மட்டும் அந்தக் கை போதும். நான் திரையைப் பிடித்தேன். “தண்ணி இருந்தா கறுப்பா தெரியும்மா” என்றேன். கறுப்பு எங்கும் இல்லை. சாம்பல் நிறத்தில் சதை மட்டும். அம்மா முனையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினாள். ஒருமுறை போதும், அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“காலி” என்றாள்.

டெய்லர் மாட்டின் முதுகில் கையை வைத்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார். “சரி விடுங்க. மனுஷங்கதானே, ஒண்ணு தப்பும். அந்தச் சிவப்பையாவது அன்னைக்கே காலின்னு சொல்லிட்டீங்க. இல்லேன்னா ரெண்டுக்கும் சேர்த்துக் கொட்டி அழுதிருப்பேன்.”

அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சும்மா இருந்திருக்கலாம். கறிக்கடைக்காரர் சாகும்வரை வாய் திறக்க மாட்டார். நான் திரையை அணைத்து, கம்பியைச் சுற்றினேன். அவள் சும்மா இருக்க வேண்டும் என்றுதான் அந்த நிமிடம் எனக்குள் ஓடியது.

“டெய்லரே, அந்தச் சிவப்பு சினையா இருந்துச்சு.”

“எது?”

“வெட்டினப்போ உள்ள கன்னு இருந்துச்சு. எனக்குத் தகவல் வந்து ஒரு வருஷமாச்சு. உங்ககிட்ட சொல்லல. என் கை மரத்துப் போச்சு. தெரியாமத்தான் சொன்னேன். அதுக்கும், இதுக்கும்.”

டெய்லர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க வீட்டுல சொன்னா. காலி மாடு பருவத்துக்குக் கத்தாம இருக்குமா, இது சத்தமே போடலையே, சினையா இருக்கும்னு சொன்னா. டாக்டரம்மாவை விட உனக்குத் தெரியுமோன்னு நான்தான் எல்லார் முன்னாடியும் அவளைக் கேலி பண்ணேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நான் போய் எந்த முகத்தோட சொல்லுவேன்? நீங்களே வந்து சொல்லுங்க.”

அம்மா கோட்டைக் கழற்றாமலே கிளம்பினாள். என்னிடம், “மெஷினைத் தூக்கிட்டு வா” என்றாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

டெய்லர் வீட்டில் முன் அறைதான் தையல் கடை. அவர் மனைவி ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். “வாங்க டாக்டரம்மா, உட்காருங்க” என்று துணிகளை ஒதுக்கினாள். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். மெஷினிடம் சொல்வது போல ஒரே குரலில், எதையும் விடாமல் சொன்னாள்.

அந்த அம்மாள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“எத்தனை மாசம் இருக்கும்?”

“நாலு.”

“என்ன கன்னு?”

“கிடேரி.”

“ம்.” தன் கணவரைப் பார்த்தாள். அவர் வாசலில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். “நான் சொன்னப்போ சிரிச்சீங்களே, ரெண்டு பேரும்.”

அன்று அம்மாவும் சிரித்திருக்கிறாள். அதை அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

“ஆமாம்மா” என்றாள் அம்மா. “சிரிச்சேன்.”

“இனிமே எங்க மாட்டைத் தொடாதீங்க.”

“தொட மாட்டேன்.”

அந்த அம்மாள் பாவாடையை எடுத்து மீண்டும் மடிக்கத் தொடங்கினாள். போங்கள் என்றும் சொல்லவில்லை. அம்மா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு நாங்கள் வெளியே வந்தோம்.

கடைத்தெரு வழியாகத்தான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டே கூப்பிட்டார். “என்ன டாக்டரம்மா, கோட்டோட கிளம்பிட்டீங்க? எங்க வீட்டு மாடு எப்ப கன்னு போடும்? தேதி குறிச்சாச்சா?” உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள்.

அம்மா நின்றாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

“உங்க மாட்டுக்கும் தெரியாமத்தான் சொன்னேன். வயித்துல இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் பொண்ணு மெஷின் வச்சிருக்கா. இப்பவே பாத்துடலாமா?”

சிரிப்பு நின்றது. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்தத் தெருவில் அவர் வீட்டைத் தாண்டி மாடு வைத்திருந்தவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். அம்மா ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைகளைச் சொன்னாள். நான் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றேன். எவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.