வாங்க மேடம், நில்லு மாணிக்கம்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு சாவு. பக்கத்து வீட்டுப் பெரியம்மா. மழைக்காலம்... உடலை அதிக நேரம் வைத்திருக்க முடியாது. ஆனால் சுடுகாட்டுப் பாதையில் பூட்டு தொங்கியது.

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். பாதை ஒரு மிராசுதார் குடும்பத்தின் வயலோரம் போகிறது. அது பொதுப்பாதை என்பது எங்கள் தெருவின் வாதம். பட்டா நிலம் என்பது அவர்கள் வாதம். தாலுகா ஆபீஸில் எங்கள் மனு கிடக்க, அவர்கள் கம்பிவேலி போட்டு, இரும்பு கேட்டும் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அந்த வயலில்தான் பெரியம்மா ஆயுள் முழுக்க நாற்று நட்டார்.

சாவி கேட்க என் மாமனார் கிளம்பினார். "நீயும் வாம்மா. படிச்ச பொண்ணு கூட நின்னா ஒரு மரியாதை" என்றார். மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அவளையும் கூட்டிப்போனேன். தப்போ?

நிலக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கட்சிக் கரை வேட்டி. மேடை ஏறினால் எல்லோரையும் 'அவர்களே' போட்டு அழைப்பவர்.

"வாங்க மேடம், உக்காருங்க. சார் ஸ்பெயின்ல நல்லாருக்காரா?" என்றார் என்னிடம். பிறகு எழுபது வயது மாமாவிடம் திரும்பினார். "என்ன மாணிக்கம், கெழவி போயிட்டா போலருக்கே. அதுக்கு ஏன் மேடத்த அலைய வைக்கிற நீ?"

ஸ்பெயினில் இருக்கும் கணவரிடம் போய்ச் சேர்வதற்காக ஆன்லைனில் ஸ்பானிஷ் படிக்கிறேன். அங்கேயும் நம்மைப்போல 'நீ', 'நீங்கள்' உண்டு: 'து', 'உஸ்தேத்'. ஒருவரை உஸ்தேத்திலிருந்து துவுக்கு மாற்றுவதென்றால், பெரும்பாலும் வயதில் மூத்தவர்தான் "என்னை து என்றே கூப்பிடு" என்று அனுமதி தருவாராம். மாமா இவருக்கு எப்போது அனுமதி தந்தார்? இவர் பிறப்பதற்கு முன்பேவா?

எனக்குக் கிடைத்த 'ங்க' உடம்பைக் கூசவைத்தது. நான் உட்காரவில்லை. "மாமாவுக்கு முட்டி வலிங்க... அவங்களும் உக்காரட்டுமே" என்றேன்.

சாவியை எடுக்கப் போன அவர் கை நின்றது.

"நாற்காலி கேக்கத்தான் வந்தீங்களா மேடம்?"

மாமா முந்திக்கொண்டார். "அதெல்லாம் வேணாங்கய்யா. எனக்கு நின்னாத்தான் சௌகரியம். சின்னப் பொண்ணு, தெரியாம பேசிடுச்சு."

கொஞ்ச நேரம் எங்களை அப்படியே நிற்க வைத்துவிட்டு, சாவியை மாமாவின் காலடியில் போட்டார். "இந்த ஒரு தடவதான்."

அந்த முட்டியோடு குனிந்து எடுத்தார் மாமா.

வரும்வழியில், "கோவம் வரலையா மாமா?" என்றேன்.

"வரும். அத வச்சுக்கிட்டுப் பொணத்த எங்க கொண்டுபோறது?"

பொழுது சாய்வதற்குள் பெரியம்மா போய்ச் சேர்ந்தார். நான் வாய் திறந்தது சரியா? வழி அடைபட்டிருந்தால் தெரு என்னைத்தானே கேட்டிருக்கும்? பேசாமல் இருந்திருந்தால் மகள் என்ன கற்றிருப்பாள்? பேசியதால்தான் என்ன கற்றாள்? "தாத்தா ஏன் பொய் சொன்னாங்க, நின்னா காலு வலிக்கும்ல?" என்று கேட்டபடியே இருக்கிறாள்.

கேட்டை மறுபடி பூட்டிவிட்டார்கள். மாமாவுக்கு வயதாகிறது. அவரைக் கொண்டுபோக ஒருநாள் நான்தான் போய்ச் சாவி கேட்க வேண்டும்.

அன்றைக்கும் என்னை "வாங்க மேடம்" என்பார்.