சஹனில் பிரின்சிபால்

பஹ்ரைனில் அமெரிக்கப் படைத்தளத்துப் பள்ளியில் படித்ததை நினைத்தால் நஜீஹாவுக்கு இன்றும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். தொண்ணூற்றாறில் விருந்து நாளுக்கு வீட்டுக்கொரு பண்டம் கேட்டார்கள். மனாமாவில் கடை வைத்திருந்த வாப்பா பிரியாணிச் சட்டியோடு வந்து, காயல்பட்டினத்துக் கல்யாணம் போலப் பாய் விரித்து, பெரிய சஹன் தட்டுக்கு மூன்று பேராக உட்காரவைத்துவிட்டார். நஜீஹாவுக்கு மானமே போயிற்று.

பிரின்சிபால் நாற்காலி தேடினார். “சேர் மாஃபி, யல்லா!” என்று, நாற்காலி இல்லை வாங்க என்பதைத் தன் கடை அரபியில் சொல்லி, வாப்பா அவரையும் ஒரு சஹனில் இருத்தினார். அங்கே இருந்தவர்களோ, மறுநாளிலிருந்து வரக்கூடாதென்று அன்று காலையில்தான் அவர் சஸ்பெண்ட் செய்திருந்த இரண்டு பையன்கள்!

“நல்ல கறிய அடுத்தவங்க பக்கம் தள்ளணும், அதான் எங்க ஊரு முறைன்னு சொல்லும்மா” என்றார் வாப்பா. நஜீஹா இங்கிலீஷில் சொன்னாள். பையன்கள் தள்ளினார்கள், பிரின்சிபால் திருப்பித் தள்ளினார். மணி அடித்தும் கடைசித் துண்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

“சரி, நாளைக்குக் கிளாசுக்கு வந்து தொலைங்க” என்று அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார் பிரின்சிபால்.