பிரேக் சத்தமும் ஒரு கரண்டி எண்ணெயும்

செல்லூர்ச் சந்தில் சாக்கை விரித்துப் படுத்து, எங்கள் பஜனைக் கோஷ்டியின் வண்டிச் சக்கரத்துக்குக் காதைக் கொடுத்துக் கண்மூடியிருந்த பட்டறைக்காரரின் முகம், சந்நிதியில் நான் கண்மூடி நிற்கும்போதும் முன்னால் வந்துவிடுகிறது.

அது வேனின் பின்னால் கோத்து இழுக்கும் டிரெய்லர். மரத்தில் செதுக்கிய பெருமாளை அதில் எழுந்தருளச் செய்து, நாங்கள் வேனில் அமர்ந்து பாசுரம் பாடியபடி ஆண்டுதோறும் அழகர்கோவிலுக்குப் போவோம். டிரைவர் பிரேக்கை மிதித்தால், டிரெய்லரின் சக்கரங்களுக்குள் உள்ள மின்காந்தம் விழித்துப் பிரேக் கட்டைகளைச் சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம்மின்மேல் அழுத்தும். ஓர் ஆண்டு புறப்பாட்டுக்கு முந்தைய நாள் அந்தப் பிரேக் கரகரவென்று அலறியது. பட்டறைக்காரர் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுழற்றிக் கேட்டார். டிரம்மைக் கழற்றித் தேய்ந்த கட்டைகளை மாற்றினார். கரகரப்பு நின்றது. மிதிக்கும்போது ஒரு கீச்சொலி மட்டும் எஞ்சியது.

“உம்முன்னு முனகுறது காந்தம் சாமி, அது இருக்கத்தான் செய்யும். கீச்சுங்கிறது புதுக் கட்டை. ஓட ஓட அடங்கிரும், அம்புட்டுத்தான்.”

“பாட்டுக்கு நடுவுல கத்துமேப்பா” என்றேன்.

“உங்க கோஷ்டியில தாளம் தப்புறவரு ஒருத்தர் இருக்காருல்ல, அவரைப் பொறுத்துக்கிறீக. இதையும் பொறுத்துக்கங்க” என்று சிரித்தவர், போகும்போது சொன்னார்: “எதையும் ஊத்திராதீக.”

நான் பொறுக்கவில்லை. மறுநாள் காலை மற்றவர்கள் பெருமாளுக்கு மாலை சாற்றிக்கொண்டிருந்தபோது, சந்நிதி விளக்கிலிருந்து ஒரு கரண்டி நல்லெண்ணெயை எடுத்துச் சக்கரங்களின் உட்புற இடுக்குகளில் வார்த்தேன். கோவில் கதவு கிறீச்சிட்டால் அந்த எண்ணெயைத்தான் விடுவோம். பெருமாளுக்கு எரிந்த எண்ணெய் எதற்கும் தீங்கு செய்யாது என்பது என் நம்பிக்கை. கீச்சொலி அடங்கியது, பாசுரம் ஒவ்வொரு சொல்லாகத் தெளிந்து கேட்டது. அப்போது நான் அடைந்த மகிழ்ச்சியை எண்ண இன்று கூசுகிறது.

வழியில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வேன் நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. வேனை முட்டித் திருகி வாய்க்காலோரம் சாய்ந்தது. மனிதருக்கு அடியில்லை. பெருமாளின் வலத் திருக்கரம் மட்டும் முறிந்து மண்ணில் கிடந்தது.

செய்தி கேட்டு ஓடிவந்த பட்டறைக்காரர் அங்கேயே டிரம்மைக் கழற்றினார். எண்ணெய் ஊறி வழுக்கிய கட்டையை விரலால் தடவி முகர்ந்தார். நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்தார்.

“சாமி கையையே ஒடிச்சுப்புட்டியேப்பா” என்றார் கோஷ்டித் தலைவர், பட்டறைக்காரரிடம்.

“என் வேலைதாண்ணே. இன்னுங் கொஞ்சம் பாத்து மாட்டியிருக்கணும்” என்றார் அவர்.

எத்தனையோ ஆண்டுகள் பாசுரம் பாடிய என் வாய் அப்போது திறக்கவில்லை. பிறகும் திறக்கவில்லை.

அன்று முதல் ஊருக்கு அவர் ‘சாமி கைய ஒடிச்சவர்’. கோவில் வண்டிகள் முதலில் நின்றன. மற்ற வண்டிகளும் பின்னர் வேறு பட்டறை தேடிப் போயின. திருக்கரத்தைச் சிற்பி ஒருவர் பொருத்திவிட்டார். பட்டறைக்காரரின் பெயரைப் பொருத்த நான் ஒருவன்தான் இருந்தேன். நாளை சொல்லலாம், உற்சவம் முடியட்டும் என்றே ஆண்டுகள் போயின. சென்ற மாதம் அவர் காலமானார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவர் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னிக்கே சொல்லிட்டாக சாமி. ‘பெரியவரு தெரியாம ஊத்திட்டாரு, நாலு பேருக்கு முன்னால தாங்க மாட்டாரு. அவரா ஒருநாள் வந்து சொல்லட்டும்’னாக. நீங்க பட்டறை வாசலோட போறப்பல்லாம், வந்துட்டீகன்னு எந்திரிச்சு நிப்பாக.”

அந்த வாசலை ஒவ்வொரு முறையும் நான் தலை நிமிராமல், உதட்டில் பாசுரத்தோடு, வேகமாகக் கடந்திருக்கிறேன்.