ஈட்டியும் கேடயமும் வைத்துப் பெண் கேட்டேன்

ஐம்பத்தெட்டு வயதில் காதல் வந்தால் முழங்கால் வலி போய்விடும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. கனடாவில், டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுவிட்டால் வழக்கமாக ஊரையே திட்டித் தீர்ப்பேன். அந்த வசந்தத்தில் சனிக்கிழமை வந்தால் படிகளில் விசிலடித்துக்கொண்டு இறங்கினேன்.

போனது நூலகத்து வகுப்புக்கு. பழைய ஜேர்மானியக் குலங்கள், ஜேர்மன் மொழி பிறந்த கதை. கனடாவுக்கு வருமுன் ஜேர்மனியின் தெற்கில் அகதியாக உணவகத்தில் கோப்பை கழுவியவன் நான். மனைவி காலமான பிறகு வீட்டில் பேச ஆளில்லை, போனேன். பக்கத்துக் கதிரையில் யூனியன்வில்லில் இருந்து ஒரு தமிழ்ப் பெண்மணி. அவரும் கணவரை இழந்தவர். ஜேர்மனியின் வடக்கில் இருந்துவிட்டு வந்தவர்.

முதல் நாளே சண்டை. தண்ணீருக்கு நான் 'வஸ்ஸர்' என்றேன். அங்கே தன் பக்கத்து வீட்டுக் கிழவர் 'வாட்டர்' என்றுதான் சொல்லுவார் என்றார் அவர்.

"உங்களுக்கு ஆர் ஜேர்மன் படிப்பிச்சது?"

"சமையல்காரன்."

"அதுதான்."

ஆசிரியை சிரித்துவிட்டு, இரண்டும் சரி என்றார். ஆயிரம் வருடங்களுக்கு வெகு முன்பே தெற்குக் குலங்களின் வாயில் ஒலிகள் மாறத் தொடங்கி, வடக்கே போகப் போக அந்த மாற்றம் களைத்து நின்றுவிட்டதாம். பிராங்கர், சக்சோனியர், அலமன்னியர் என்று ஆளுக்கொரு குலம், ஆளுக்கொரு பேச்சு. லத்தீன் படித்தவர்கள் 'சனங்களின் பேச்சு' என்று ஒதுக்கிய பெயரே பிறகு 'டொய்ச்' என்று அந்த மொழியின் பெயரானது.

"எங்கட ஆக்கள் மாதிரித்தான்," என்று அவர் என் காதுக்குள் சொன்னார். அன்றோடு நான் விழுந்தேன்.

ஆனால் கேட்பது எப்படி? எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை நேரே போய்க் கேட்பதில்லை, பெரியவர்கள் போய்ச் சம்பந்தம் பேசவேண்டும். என் குடும்பத்தில் மிஞ்சிய பெரியவன் நான்தான். தனியே குடியிருக்கும் மகளைப் போகச் சொன்னேன்.

"அப்பா, ஜஸ்ற் ஆஸ்க் ஹேர். நான் போய் என்னெண்டு கேக்கிறது?"

வழி வகுப்பிலேயே கிடைத்தது. பழைய ஜேர்மானியரிடம் மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கொடுக்கவேண்டுமாம். எருதுகள், கடிவாளம் பூட்டிய குதிரை, கேடயம், ஈட்டி, வாள். ஒரு ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். பதிலுக்குப் பெண் அவனுக்கு ஓர் ஆயுதம் கொடுப்பாள். அதோடு கலியாணம் முடிந்தமாதிரி.

"சீதனம் கேக்கிற எங்கட ஆக்களை அங்க அனுப்பவேணும்," என்றார் அவர்.

அடுத்த சனிக்கிழமை பெரிய தட்டோடு பஸ் ஏறினேன். பிளாஸ்ரிக் குதிரை. ஈட்டிக்குக் காரில் பனி தட்டும் நீளத்தடி. வாளுக்குப் பாண் ரொட்டி வெட்டும் கத்தி. கேடயத்துக்கு என் சோற்றுப் பானையின் மூடி. எருது அகப்படவில்லை. தட்டென்றால் வெறுமனே கொண்டுபோக மனம் வராமல் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழமும் வைத்தேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

வகுப்பில் தட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு முழுப் பாக்கொன்றை எடுத்து உருட்டினார்.

"உந்தப் பாக்கை என்னெண்டு வெட்டுறது?"

எல்லாவற்றையும் பையில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார், பனித்தடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க.

அந்தக் கிழமை முழுவதும் தலை சுற்றியது. பிடித்திருந்தால் ஏன் பதில் இல்லை, பிடிக்காவிட்டால் ஏன் குதிரையையும் கொண்டுபோனார்? சோறு மூடியில்லாமல் வெந்து பாதி பச்சையாகவே இருந்தது, அதையும் சிரித்துக்கொண்டு தின்றேன். ஓமென்று சொன்னாவா என்று மகள் கேட்டாள். பாக்கைப் பற்றித்தான் கேட்டவ என்றேன். மகள் தலையில் கைவைத்தாள்.

மறு சனிக்கிழமை அவர் பிந்தித்தான் வந்தார். ஆசிரியை பேசிக்கொண்டிருக்கும்போதே என் பக்கத்தில் வந்து நின்று, கைப்பையிலிருந்து துவாயில் சுற்றிய ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கனத்தது. பிரித்தேன். பழைய இரும்புப் பாக்குவெட்டி.

ஆசிரியை பேச்சை நிறுத்திவிட்டார். பெண் பதிலுக்கு என்ன கொடுப்பாள் என்று அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். யாரோ கைதட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அவர் தன் கதிரையில் அமர்ந்து கொப்பியைத் திறந்தார்.

"மூடி என்னட்டைக் கிடக்கு," என்றார், என்னைப் பார்க்காமலே. "பானையையும் கொண்டு வாங்கோ."