நானே இறக்கும் பாய்

புடவைக் கடையில் என் கணவர் வாயைத் திறக்க மாட்டார். படகுக்குப் பாய் வாங்கப் போன இடத்தில் என்னைப் பேசவே விடவில்லை.

துறைமுகத்து இழுவைக் கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, இருவருமாகத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, ஓட்டவும் கற்றுக்கொண்டோம். மார்கழியில் புதுச்சேரி போவதாகத் திட்டம். அப்போது காற்று பின்னாலிருந்து வரும். முன்னால் பலூன் மாதிரி உப்பி இழுக்கும் ஸ்பின்னாக்கர் பாய் இருந்தால் சுகம். இதற்கிடையில் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. படகில் போகலாம், ஆனால் எதையும் பலமாக இழுக்கக் கூடாது என்றார் டாக்டர். இவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

காசிமேட்டில் பழைய பாய் விற்பவர், கட்டிப் பார்க்க இரண்டு கொடுத்தார். பெரியது, கழி வைத்து விரிப்பது. சின்னதற்கு நீளமான துணி உறை உண்டு. கயிற்றை இழுத்தால் உறை இறங்கிப் பாயை மூடிவிடும்.

"தலவாணி ஒறை மாதிரி கீது," என்றார் கணவர்.

திருவொற்றியூருக்கு நேரே கடலில் பெரியதை ஏற்றினோம். படகு துள்ளிக்கொண்டு ஓடியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"யோவ், இப்ப நீ மயங்கி வுயிந்துட்ட. கைய கட்டிகினு குந்து."

"இன்னாமே வெளாட்டு இது?"

"வெளாட்டு இல்ல. குந்து."

சுக்கானைக் கட்டிவிட்டு முன்னால் போய்க் கழியைக் கழற்றி, பாயின் கயிற்றைத் தளர்த்தினேன். பாய் பாதி கடலில் விழுந்து படகையே சாய்த்தது. அவர் எழுந்தார்.

"தொடாத! நீ மயக்கத்துல கீற!"

நனைந்த பாயை வாரி மேலே போடுவதற்குள் படகு தன் இஷ்டத்துக்கு வலை மிதவைகள் பக்கம் போய்விட்டது. எனக்கு மூச்சு வாங்கியது.

அடுத்து ஏற்றிய உறைப் பாயில் வேகம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இறக்க ஒரு கயிறும் என் இரண்டு கைகளும் போதும். அவர் பார்க்கட்டும் என்றே மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினேன்.

கரைக்கு வரும்வரை அவர் நனைந்து கிடந்த பெரிய பாயையே பார்த்துக்கொண்டு வந்தார். பெரியதைக் கேட்டால் புதுச்சேரிக்குத் தனியாகப் போகச் சொல்லிவிடுவது என்று நான் முடிவோடு இருந்தேன்.

"இன்னாண்ணே, பெர்சு தானே?" என்றார் விற்பவர்.

"சின்னத கட்டு," என்றார் கணவர். "பாதி வயில நான் பூட்டேன்னா, இவ வூடு வந்து சேரணும்."

அந்த ஆள் எதிரிலேயே அழுதுவிட்டேன். அழுதுகொண்டே உறைக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் நைந்திருந்தது. வேறு கயிறு போடச் சொன்னேன்.