சாட்சி வைத்து வாங்கிய காசு

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் என் சோடாக்கடைக்கு நேர் எதிரே டாக்டர் வேதசிரோமணியின் ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னால் ஒரு கூடம், பின்னால் டாக்டர் பார்க்கிற அறை, இரண்டுக்கும் நடுவில் மருந்து கலக்குகிற இடம், அவ்வளவுதான். அந்த நடு இடத்தில் பதினெட்டு வருஷம் நின்றவர் கம்பவுண்டர் ஞானரத்தினம். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார நாற்காலியும் கிடையாது.

பூர்வீகம் நாசரேத் பக்கம். சின்ன வயதிலேயே தகப்பனார் இறந்துவிட, ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் குப்பி கழுவப் போய், மருந்து கலக்கக் கற்றுக்கொண்டார். வேதசிரோமணி டாக்டர் எங்கள் ஊரில் வந்து போர்டு மாட்டியபோது இவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அது இருபத்தாறாம் வருஷம். சம்பளம் பதினைந்து ரூபாய். மனைவி ஏசம்மாள். பிள்ளை குட்டி இல்லை, காடு கரை இல்லை.

அவரிடம் இருந்த ஒரே சொத்து, அவர் கையில் காசு கொடுக்கிறவர்கள் எண்ணிக் கொடுக்கமாட்டார்கள், அவர் கொடுக்கிற பாக்கியை எண்ணி வாங்கமாட்டார்கள் என்பதுதான். என் கடைக்கு வருகிறவன் நான் கொடுக்கிற காலணாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அதே ஆள் ரோட்டைத் தாண்டிப் போய் ஞானரத்தினத்திடம் வாங்கிய சில்லறையை அப்படியே மடியில் முடிவான். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். ஆனால் அவரைப் பிடிக்காமலும் இருக்க முடியாது. வேதக்கோவிலில் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையைத் தனியாக உட்கார்ந்து எண்ணுகிற ஆள் அவர். அந்த மனுஷனிடமிருந்து அந்தச் சொத்து நாலு ரூபாயில் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் காசு வாங்குகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் காசைத் தொடமாட்டார். எல்லாம் கம்பவுண்டர் கைதான். ஒரு கையில் மருந்தை ஊற்றிக்கொண்டே மறு கையில் காசை வாங்கி மேசை டிராயரில் போடுவார். குப்பியின் மேல், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய ஓரத்தைப் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை ஒட்டுவார். முன்பணம் கொடுத்தவர்களுக்கு அந்தப் பட்டையின் அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அதுதான் ரசீது. சாயங்காலம் கூட்டம் குறைந்தபிறகு, யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று யோசித்து யோசித்து நோட்டில் எழுதுவார்.

டிராயரில் இருக்கிற காசுக்கும் நோட்டுக்கும் ஒருநாளும் ஒத்துப் போனதில்லை. ஸ்பிரிட் வாங்க அதிலிருந்துதான் எடுப்பார்கள். தக்கை வாங்கவும் அதிலிருந்துதான். டாக்டர் சம்சாரம் ஜெயபாய் அம்மாளுக்குக் காய்கறிக்குக் காசு வேண்டுமென்றால் வேலைக்காரி வந்து டிராயரைத் திறந்து எடுத்துப் போவாள். கம்பவுண்டர் முதுகைக் காட்டிக்கொண்டு மருந்து இடித்துக்கொண்டிருப்பார். இதை டாக்டரும் கண்டுகொண்டதில்லை. எல்லாம் ஞானரத்தினம் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தார்.

முப்பத்தெட்டாம் வருஷம் பஞ்சாலையில் நூல் சுற்றுகிற ரீலிங் வேலை பார்த்த வெள்ளத்தாய் என்ற பெண்ணின் புருஷன் தவசிமுத்துவுக்கு ரத்தமும் சீதமுமாகப் போக ஆரம்பித்தது. பஞ்சுப் பொதி ஏற்றுகிற வண்டிக்காரன், ஆள் கம்பாக வற்றிப் போனான். வெறும் மிக்சர் மருந்துக்கு நிற்காது, எமிட்டின் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மருந்து மதுரையிலிருந்து ரொக்கத்துக்கு வர வேண்டும், நாலு ரூபாய் முன்பணம் கட்டு என்றார். அவளுக்கு அது அரை மாசக் கூலி.

செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் உட்காருவார். அந்த நாட்களில் இங்கே கம்பவுண்டர் ராஜ்ஜியம். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, காய்ச்சல் காலம், கூடம் நிறைந்து ரோடு வரை ஆள் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் முண்டி உள்ளே போய் நாலு ரூபாயை அவர் கையில் வைத்ததாக வெள்ளத்தாய் சொன்னாள். அவர் மருந்தை ஊற்றிக்கொண்டே வாங்கினாராம், டிராயரில் போட்டாராம், குப்பியில் குறியும் போட்டாராம். அவள் கூட்டத்துக்குள் போனதை நானும் பார்த்தேன். ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டுந்தான்.

மறுநாள் காலையில் தவசிமுத்துவை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். டாக்டர் பணம் எங்கே என்றார். நோட்டைப் பார்த்தால் அவள் பெயர் இல்லை. டிராயரில் இருந்த காசு எந்தக் கணக்குக்கும் பொருந்தவில்லை.

"நேத்துத்தானய்யா உங்க கையில வச்சேன். குப்பியில குறி போட்டுத் தந்தியளே" என்று கம்பவுண்டரைப் பார்த்துச் சொன்னாள்.

டாக்டர் குப்பியை வாங்கிப் பார்த்தார். குப்பி பளிச்சென்று இருந்தது. காகிதப் பட்டை இல்லை. அழுக்குக் குப்பியைக் கொண்டுவந்தால் ஞானரத்தினம் ஏசுவார் என்பது ஊருக்கே தெரியும். அதற்குப் பயந்து மருந்தை வீட்டுக் கிண்ணத்தில் மாற்றி வைத்துவிட்டு, விடியற்காலையில் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். அந்தப் பட்டைதான் ரசீது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கழுவாமல் வந்தால் ஏச்சு, கழுவிவிட்டு வந்தால் பணம் போச்சு. இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி நடத்தியிருக்கிறார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

டாக்டர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டதும் பெரிய காரியம் இல்லை.

"ஞானரத்தினம், நீரு வாங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லும். நான் ஊசியப் போட்டுருதேன்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கம்பவுண்டர் வாயைப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு நானும் வாசலுக்குப் போயிருந்தேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். முந்தின நாள் அவர் கைக்கு எத்தனையோ பேர் காசு வந்திருந்தது.

"குடுத்திருப்பா ஐயா. பொய் சொல்ற பிள்ளை இல்ல. ஆனா வாங்கினதா எனக்கு நினைவில்ல" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவும் இருந்திருக்காது என்பது என் எண்ணம். அன்று ராத்திரி ஏசம்மாள் அதையே கேட்டுச் சண்டை போட்டாளாம். நினைவில் இல்லாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாராம். அவளும் பேசி என்ன செய்ய, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் அன்றைக்கு ஒரு ஊசி போட்டுவிட்டு, மிச்சத்துக்குப் பணம் கொண்டுவரச் சொன்னார். வெள்ளத்தாய் அழவில்லை, சாபம் கொடுக்கவில்லை. பித்தளைக் குடத்தை அடகு வைத்து மறுநாளே நாலு ரூபாயோடு வந்தாள். ஆனால் தனியாக வரவில்லை. பக்கத்து வீட்டுப் பால்ச்சாமியைக் கூட்டி வந்திருந்தாள். அவனை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"பால்ச்சாமி அண்ணே, நல்லாப் பாத்துக்கிடுங்க. கம்பவுண்டரய்யா கையில நாலு ரூவா குடுக்கேன்" என்றாள். ஒவ்வொரு ரூபாயாக வைத்தாள். பால்ச்சாமி தலையை ஆட்டினான்.

ஞானரத்தினம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவர் வேறு என்ன செய்ய முடியும்?

தவசிமுத்து பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தப் பழக்கம் ஊரைப் பிடித்துக்கொண்டது. முதலில் ஆலைத் தெருக்காரர்கள் ஆளோடு வந்தார்கள். பிறகு சோழபுரத்திலிருந்து வருகிறவர்கள் வண்டிக்காரனை இறக்கி உள்ளே கூட்டிப் போனார்கள். தெலுங்கு பேசுகிற வீட்டு அம்மாக்களும் சாட்சியோடு வந்தார்கள். அந்த வார்த்தை இரண்டு பாஷைக்கும் ஒன்றுதான். சாட்சிக்கு ஆள் இல்லாதவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். "அண்ணாச்சி, செத்த வந்துட்டுப் போங்க" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தால், பாதி திறந்த சோடாவை அப்படியே வைத்துவிட்டுப் போய் நிற்க வேண்டும். யாரும் அவரைத் திருடர் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்தாவது பேசியிருப்பார். மரியாதை குறையாமல் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு ஆளையும் நிறுத்திக்கொண்டு காசு கொடுத்தார்கள்.

கோவிலிலும் காணிக்கை எண்ணும்போது வாத்தியார் ஒருவர் கூட வந்து உட்கார ஆரம்பித்தார். துணைக்கு என்று சொன்னார்களாம்.

அவர் சும்மா இருக்கவில்லை. அச்சடித்த ரசீதுப் புஸ்தகம் வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டார். ரசீது கிழித்தால் வருமானவரிக்காரன் வந்து வாசலில் நிற்பான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரியென்று தன் காசில் ஒரு நோட்டு வாங்கி, மருந்து கலக்குமுன் பெயரையும் தொகையையும் எழுதி, ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதிக் கொடுத்துப் பார்த்தார். ஈரக் கையில் மை வழிந்தது. கூட்டம் ரோட்டில் வெயிலில் நின்று கத்தியது. காய்ச்சல்காரப் பிள்ளைகள் வரிசையிலேயே வாந்தி எடுத்தன. டாக்டர் வெளியே வந்து சத்தம் போட்டார். துண்டுக் காகிதத்தை வாங்கியவர்கள் அதை என்னிடம் கொண்டுவந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். எழுதினவர்மேலேயே சந்தேகம் வந்தபிறகு எழுத்தை யார் நம்புவார்கள்? இரண்டு வாரத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டார்.

டிராயருக்குப் பூட்டு மட்டும் வந்தது. சாவி ஜெயபாய் அம்மாளிடம் போனது.

ஊரைவிட்டுப் போய்விட்டால் என்ன என்று நானே அவரிடம் ஒருநாள் கேட்டேன். போனால் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று ஆகிவிடும் அண்ணாச்சி என்றார். ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் காசை வைத்தார். வேண்டாம் என்றதற்கு, எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளும் என்றார்.

யுத்தம் வந்தது. மருந்து விலை ஏறியது, சர்க்கரைக்குப் பர்மிட் வந்தது. நாற்பத்துமூன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள் நான் கடையை அடைத்துவிட்டுப் பர்மிட்டுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போனேன். காலையிலிருந்து நின்றும் காரியம் ஆகாமல், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடின பஸ்ஸில் மத்தியானத்துக்கு மேல் திரும்பினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையை விரித்தால், ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

ஒருவர் ஞானரத்தினம். கையில் மருந்துக் குப்பி, தக்கை அடைத்துத் தயாராக இருந்தது. இன்னொருத்தி வெள்ளத்தாய். தோளில் அவள் மகள், காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தது. அவள் உள்ளங்கையை இறுக்கி மூடியிருந்தாள். டாக்டர் அன்றைக்கு இல்லை, டாக்டர் வீட்டிலும் ஊருக்குப் போயிருந்தார்கள். மழைக்கு வேறு நோயாளி ஒருவரும் வரவில்லை.

ரொம்ப நேரமாக அப்படி நின்றிருக்கிறார்கள். பிறகு ஞானரத்தினமே என்னிடம் சொன்னார். பிள்ளைக்கு முதல் வேளை மருந்தை உடனே கொடுக்க வேண்டும் என்று அவருக்குப் பதற்றம். இப்போது எடுத்துக்கொண்டு போ, காசைப் பொறவு கொடு என்று சொல்லியிருக்கிறார்.

"பொறவு குடுத்தேன்னு யாருய்யா சொல்லுவா?" என்று அவள் கேட்டாளாம்.

கோபமாகக் கேட்கவில்லையாம். தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது போலத்தான் இருந்ததாம். கடனும் வாங்கமாட்டாள், தனியாகக் காசும் தரமாட்டாள். இன்னொரு பித்தளைக் குடம் அவளிடம் இல்லை. என் கைக்காசு என்று நினைத்துக்கொண்டு சும்மா கொண்டுபோ என்றாராம் இவர். நாளைக்கு நோட்டில் பாக்கி என்று வராதா என்றாளாம். வராது என்று இவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து ரோட்டைப் பார்த்து நின்றிருக்கிறார்கள்.

என்னைக் கண்டதும் அவள் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் வாயைத் திறக்குமுன் ஞானரத்தினம் மழையில் இறங்கிவிட்டார். தலை நனைய ரோட்டின் நடுவில் வந்து நின்று கையை ஆட்டினார்.

"அண்ணாச்சி, சீக்கிரம் வாரும். இந்தப் பிள்ளை என் கையில காசு குடுக்கப் போகுது. வந்து பாரும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் போய் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கையை வேட்டியில் துடைத்து, எனக்கு நன்றாகத் தெரியும்படி விரித்து நீட்டினார். வெள்ளத்தாய் ஆறணாவை ஒவ்வொன்றாக அதில் வைத்தாள். நான் பார்த்தேன் என்று சொன்னேன்.