பேட்டரி சைக்கிள் சாஸ்திரிகள்

காலைக் கழுவுவதற்கு முன் வைத்தியநாத சாஸ்திரிகள் தேடுவது பிளக்கைத்தான். சைக்கிளிலிருந்து கழற்றிய பேட்டரியைக் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறி வருவார். எங்கள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து அதன்மேல் வைப்பார். "அரை மணி குடிக்கட்டும் அண்ணா. அதுக்குள்ள நாம தர்ப்பணத்தை முடிச்சுடலாம்."

2008இல் வாங்கிய சைக்கிள். அவருக்கு முழங்கால்கள் தேய்ந்துவிட்டன, ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. இது மிதித்தால் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவதுபோல் போகும். முதல் மாதம் கல்கத்தா லேக் மார்க்கெட்டில் கண்டவர்களிடமெல்லாம், "டாகுரியா பாலம் ஏறினதே தெரியலை. வேர்த்திருக்கா, பாருங்கோ" என்று நெற்றியைக் காட்டினார். பேட்டரி தீர்ந்துவிட்டால் மட்டும் அது இரண்டு சைக்கிள் கனம். "பாதி நாள் அது இவரைச் சுமக்கறது, பாதி நாள் இவர் அதைச் சுமக்கறார்" என்பார் அவர் மனைவி காமு.

சத்தமில்லாத வண்டி என்பதால் பெரிய பித்தளை மணி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். தெருமுனையிலேயே இரண்டு முறை அடிப்பார். அமாவாசையன்று பட்டினியாகக் காத்திருப்பவர்கள் அதைக் கேட்டு எள்ளையும் தர்ப்பையையும் எடுத்து வைப்பார்கள்.

2009இல் விசுவகர்மா பூஜைக்கு மறுநாளே மகாளய அமாவாசை. கல்கத்தாவில் விசுவகர்மா பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு. சாஸ்திரிகளும் சைக்கிள், பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றுக்கும் சந்தனம் இட்டார். மாலையில் காமு சார்ஜ் போடச் சொன்னபோது, "பூஜைல வெச்சதை வேலை வாங்கப்படாதுடீ. இருக்கறது போதும்" என்றாராம்.

போதவில்லை. மறுநாள் மகாளய அமாவாசை, ஆண்டிலேயே அவருக்கு அதிக வீடுகள் உள்ள நாள். போன இடத்தில் பிளக் தேடவும் நேரமில்லை. கரியாஹாட் முனையில் மோட்டார் நின்றது. "டாகுர்மொஷாய், மந்த்ரோ பொடுன், சோல்பே!" என்று டீக்கடைக்காரர் கத்தினாராம், பூசாரி ஐயா, மந்திரம் சொல்லுங்கள், ஓடும் என்று. மிதிக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பாலிகஞ்ச் வரை தள்ளிக்கொண்டே வந்தார். எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் பாக்கி: ரங்கராஜன், அவரைத் தாண்டி நான்.

ரங்கராஜனுக்குச் சர்க்கரை நோய், அவ்வளவு நேரப் பட்டினி தாங்காது. பால்கனியில் நின்றபடி பார்த்தேன். அவர் மகள் மதுவந்தி வாசலுக்கு வந்தாள்.

"ஸாரி மாமா. அப்பாக்கு மயக்கமா வந்துடுத்து. மெட்ராஸ் வாத்யார் ஒருத்தர் ஃபோன்லயே பண்ணி வெச்சுட்டார்."

"அதனால என்னம்மா. அடுத்த அமாவாசைக்குச் சீக்கிரமே வந்துடறேன்."

"இல்லே மாமா... இனிமே ஃபோன்லயே பண்ணிக்கறேன்னுட்டார்." சற்றுத் தயங்கி, "பேட்டரியை வேணா இங்க சார்ஜ் போட்டுக்கோங்கோ" என்றாள்.

"வேண்டாம்மா."

அன்று என் வீட்டிலும் அவர் பிளக்கைத் தேடவில்லை. வீடுகள்தான் அவருக்குப் பிழைப்பு. அந்தக் குளிர்காலத்துக்குள் லேக் மார்க்கெட் பக்கத்திலும் சிலர் ஃபோனுக்கு மாறினார்கள். பேட்டரிக்கும் வயதாகிவிட்டது, மிச்சமிருக்கும் சில வீடுகளுக்குத்தான் தாங்குகிறது. புதிது வாங்கலாமென்றால், அவருக்குச் சைக்கிளை விற்ற கடையில் இப்போது மொபைல் உறை விற்கிறார்கள்.

இப்போதும் அமாவாசைக்கு என் வீட்டுக்கு வருகிறார். தெருமுனையில் மணி அடிப்பதில்லை. எங்கள் தெரு மேடும் பள்ளமுமானது. வண்டி குலுங்கினால் மணி தானாகவே ஒலிக்கும். ரங்கராஜன் வீட்டைக் கடக்கும்வரை, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறு உள்ளங்கையால் அதைப் பொத்திப் பிடித்துக்கொள்கிறார்.